கடைக்குப் போகாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் ரிப்பேருக்காக வாசல் தாண்டிப் போனதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை, மேடம். முதலிலிருந்து எழுதச் சொல்லிக் காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள். எனக்கு முதல் என்றால் இதுதான்.

மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சீலிங் ஃபேன், குளியலறைக் குழாய், எதுவானாலும் நானே கழற்றுவேன், நானே மாட்டுவேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு மெக்கானிக்கூட எங்கள் வீட்டு அழைப்பு மணியை அழுத்தியது கிடையாது. அந்த மணியை மாட்டியதும் நான்தான். செருப்பு அறுந்தால் நானே தைப்பேன். என் மனைவிக்கு முடி வெட்டுவதும் நான்தான்.

ஒருமுறை அவளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் வீங்கி, சோறு இறங்காமல் இரண்டு நாள் கிடந்தாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். ஒரு பல்லைப் பிடுங்க எதற்கு டாக்டர்? பிளையரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து நானே பிடுங்கிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் பக்கத்துப் பல்லும் கூடவே வந்துவிட்டது. ஆனால் வலி போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்து அவள் பல்வலி என்று வாயைத் திறந்ததே இல்லை.

நீங்கள் கொடுத்த இந்தப் பேனாகூடச் சரியாக எழுதவில்லை. ரீஃபிலைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டியிருக்கிறேன். இனி ஓடும்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது ஒரு அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியது. நான் எடுத்து வந்து ஓட வைத்தேன். என் மனைவி அதில் கல்யாண ஆல்பம் செய்வாள். ஒரு ஸ்டுடியோக்காரம்மா போட்டோக்களைக் கொடுத்தனுப்புவார். இவள் அவற்றை ஒழுங்குபடுத்தி, முகத்தில் வெளிச்சம் கூட்டி, பக்கம் பக்கமாக அடுக்கித் திருப்பிக் கொடுப்பாள். வேலை சுத்தமாக இருக்கும். அதை நான் எப்போதும் சொல்லுவேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் ஸ்டுடியோக்காரம்மா போன் செய்திருந்தார். கையில் இருக்கும் ஆல்பத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுத்துவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து ஸ்டுடியோவிலேயே நிரந்தர வேலை. ஒன்பது மணிக்குப் போனால் ஆறு மணிக்குத் திரும்பலாம். தனி மேஜை, தனி நாற்காலி. நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் இதைச் சொன்னாள்.

"என்னங்க, எனக்குன்னு ஒரு மேஜையாம்ங்க."

"நல்லதுதானே," என்றேன். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இது பதிவாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாவற்றின் மூலையிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி. எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டோக்கள், அவள் பாதி முடித்திருந்த ஆல்பம், எல்லாம் காற்றோடு போனதுபோல இருந்தது. அதோடு கேட்காத விளம்பரங்கள் திரையில் வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்தன.

"வைரஸ்னு நினைக்கிறேங்க," என்றாள்.

வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கேமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார்களாம். போட்டோக்களைக் கொண்டுவந்த ஸ்டுடியோ பென்டிரைவையும் இவள் வழக்கம்போலக் காலி செய்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரோ ஒரு பெண்ணும் பையனும் கல்யாணம் செய்துகொண்டதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி எங்கள் சாப்பாட்டு மேஜைப் பக்கத்தில்தான் இருந்தது.

"கடையில குடுத்துடலாங்க. என் காசிலேர்ந்து குடுத்துக்கறேன்."

"நான் இருக்கேன்ல," என்றேன்.

நான் சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் ஃபிட்டர். சோப்புக்கு உறை சுற்றும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மெஷின் தானாக நிற்பதில்லை. யாரோ நிறுத்துகிறார்கள். முதலில் அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நம்பர் மெஷினில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். வாய் ஓயாத மனிதர். வாரத்தில் நான்கு நாள் அவர் மெஷினில் உறை சிக்கும், என்னைக் கூப்பிடுவார். சும்மா பேசிக்கொண்டு நிற்காதீர்கள், கவனமாக ஓட்டுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் சிக்கிய உறையை எடுக்க அவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். இரண்டு விரல்கள். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். இதை நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. அதற்குப் பிறகு அந்த மெஷினில் உறை சிக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே புதன்கிழமை நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் என் மனைவியை உட்கார வைத்துப் பேசினேன்.

"எதை உள்ள சொருகின?"

"ஸ்டுடியோ பென்டிரைவ் மட்டும்தாங்க. எப்பவும் சொருகறதுதான். அதுவும் போன வாரம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேங்க."

நான் குரலை உயர்த்தவில்லை. எங்கள் மாடியில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வந்ததே கிடையாது. படுக்கையறையில் இரும்பு பீரோ இருக்கிறது. அவளை எழுப்பி அங்கே கூட்டிப் போனேன். இடது கையைக் கதவு இடுக்கில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். மறுபடியும் கேட்டேன். அதே பதில். கதவை மூடினேன்.

இடது கையைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். மௌஸ் பிடிப்பது வலது கை. சனிக்கிழமை அவளுக்கு வேலை முடிய வேண்டுமே என்ற அக்கறை எனக்கு இருந்தது.

மூன்றாவது தடவை மூடியபோது, "நான்தாங்க, நான்தான் வைரஸ் கொண்டு வந்தேன்," என்றாள். அதோடு நிறுத்திவிட்டேன். உண்மை வந்த பிறகு ஒரு நொடிகூட நான் நீட்டவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் வீங்கிவிட்டன. மர ஸ்கேல் ஒன்றை இரண்டாக உடைத்து, இரண்டு பக்கமும் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். உங்கள் டாக்டர் பார்த்திருப்பார். கட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆள் கிடைத்தாயிற்று. இனி மெஷின்.

புதன் மாலையும் வியாழனும் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. வைரஸை இலவசமாகச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் புரோகிராம்கள் நிறைய இருக்கின்றன. முதலாவது ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. சந்தோஷமாக இருந்தது. அழிக்கச் சொன்னால் பணம் கட்டு என்றது. மூடிவிட்டேன். இரண்டாவது, திரையை நீலமாக்கிவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது, முதல் இரண்டும்தான் வைரஸ் என்றது. அதன் பேச்சு எனக்கு நியாயமாகப் பட்டது. அதற்கு அனுமதி கொடுத்தேன். அதன் பிறகு மௌஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது.

வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. இதற்குள் எது வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்று தோன்றியது. பெயின்ட் பிரஷ்ஷைப் பெட்ரோலில் தோய்த்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஜன்னலில் காயவைத்து, திரும்ப மாட்டினேன். வைரஸ் தூசியில் இருப்பதில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அன்று சாயந்திரம் தொழிற்சாலை எலெக்ட்ரீசியனைப் போய்ப் பார்த்தேன். அவர்தான் வழி சொன்னார். "மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்துங்கண்ணே. எலி புகுந்த வீட்டை இடிச்சுக் கட்டுற மாதிரி. ஒரு பைசா செலவில்ல." அதற்கு வேண்டியதை ஒரு சிடியில் போட்டும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நாளைக்கு சாயந்திரம் மொத்தமா அழிச்சிடறேன். புதுசு மாதிரி ஆயிடும்."

"போட்டோ எல்லாம் போயிடுமேங்க."

"வைரஸும் போயிடும்ல."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் குளிக்கப் போன நேரத்தில் அவள் தன் தம்பிக்குப் போன் செய்திருக்கிறாள். இந்த விவகாரத்தில் எனக்குத் தெரியாமல் செய்யப்பட்ட முதல் காரியம் அதுதான்.

என் மச்சினனை எல்லோரும் குச்சி என்பார்கள். அவ்வளவு ஒல்லி. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளன். பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவ்களில் இல்லாத வைரஸா? வருஷம் முழுவதும் அவன் பார்ப்பது அதைத்தான். வெள்ளிக்கிழமை நான் ஷிப்ட் முடிந்து இரண்டே முக்காலுக்கு வந்தபோது என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். தோளில் கருவிப் பையோடு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

"வாங்க மாமா," என்றான் திரும்பாமலே. "பெட்டியைத் திறந்தா பெட்ரோல் வாசனை ஆளைத் தூக்குது. லிட்டருக்கு எவ்வளவு ஓடுது?"

என் மனைவி சிரித்தாள். உடனே என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"செலவு ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "தம்பி சும்மாதான் பாக்கறான்."

"பாக்கட்டும்," என்றேன். நான் நியாயமான மனிதன். டீ போட்டுக் கொடு என்றும் சொன்னேன்.

அவன் வேலை செய்த விதத்தை நான் கவனித்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டிருந்தான். கம்ப்யூட்டரை அதனுடைய சொந்தச் சரக்கில் கிளப்பாமல், தான் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து கிளப்பியிருந்தான். வைரஸ் தூங்கும்போதே வீட்டைச் சோதனை போடுவது மாதிரி என்று விளக்கம் சொன்னான். போட்டோக்கள் எங்கேயும் போகவில்லையாம். வைரஸ் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதே பெயரில் பொய் ஃபோல்டர்களை வைத்திருந்ததாம். எல்லாவற்றையும் வயர் வைத்த ஒரு கறுப்பு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் வந்து அரைமணி நேரம் இருக்கும். "அக்கா, வந்தாச்சு. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு. ஒண்ணுகூடக் குறையல. உன் ஆல்பமும் இருக்கு," என்றான்.

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கட்டுப்போட்ட கையை அவன் தலையில் வைத்தாள். அவன் அந்தக் கையையே பார்த்தான்.

"இது என்னக்கா?"

"பீரோக் கதவு இடிச்சிடுச்சுடா."

அவன் என்னைப் பார்த்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு எழுந்து போயிருந்தால் இன்றைக்கு அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் அவனுக்கு அது போதவில்லை. கம்ப்யூட்டரை மறுபடி வழக்கம்போலக் கிளப்பி, கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ படித்துக்கொண்டே போனான்.

"இதுல எந்தப் பென்டிரைவை எப்போ சொருகினாலும் தானாப் பதிவாயிடும்க்கா. வந்த வழியைப் பாத்துட்டா அந்தப் பென்டிரைவையும் சுத்தம் பண்ணிடலாம். இல்லேன்னா அடுத்த வாரம் மறுபடியும் வரும்."

"நான்தாண்டா," என்றாள் என் மனைவி அவசரமாக. "நான்தான் ஏதோ சொருகிட்டேன். விடேன்."

"உன்னுது இல்லக்கா. ஸ்டுடியோது போன வியாழக்கிழமை வந்திருக்கு, சுத்தமா இருக்கு. இது திங்கட்கிழமை சாயந்திரம் ஆறு இருபது. அதுக்கு அடுத்த நிமிஷமே வைரஸ் வேலையை ஆரம்பிச்சிருக்கு. பென்டிரைவ் பேரு..." குனிந்து படித்தான். "பேக்கிங் ரெண்டு."

அவன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"மாமா, பேக்கிங்ல இருக்கறது நீங்கதானே?"

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் பிரிவு அலுவலகத்தில் பழைய பொருள்களைப் போடும் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. உடையவில்லை, வளையவில்லை. நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. எடுத்து வந்தேன். திங்கட்கிழமை சாயந்திரம், அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது, சொருகிப் பார்த்தேன். அவ்வளவுதான். அதனால்தான் வைரஸ் வந்தது என்பது மச்சினனின் கருத்து. அவன் ஒரு பள்ளிக்கூட உதவியாளன். பெரிய நிபுணன் கிடையாது.

"மாமாவா?" என்றான் அவன். அப்புறம் சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரித்தான் என்று சொல்ல மாட்டேன். "ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்கற ஆளு, நம்ம வீட்டுக்கு நீங்களே ரிப்பேரைக் கூட்டிட்டு வந்தீங்களா மாமா?"

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். ஸ்கேல் வைத்துக் கட்டிய இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் கத்தவில்லை. பதினோரு வருஷத்தில் என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்தக் கைக்கு என்ன சொல்றீங்க?"

மச்சினனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, கதவுன்னு சொன்னே?" என்றான்.

டீ டம்ளரை மேஜையில் வைத்தேன். பழுதுக்குக் காரணம் தெரியாமல் நான் நின்றதே இல்லை, மேடம். அது ஒரு மோசமான நிலை. காதுக்குள் மெஷின் ஓடுவது மாதிரி இருந்தது. கருவிப் பை என் காலடியில்தான் இருந்தது. பதினெட்டு அங்குல பைப் ரெஞ்ச் மேலாகவே இருந்தது. நான் தேடி எடுக்கவில்லை.

அவன் மறுபடியும் திரையைப் பார்க்கத் திரும்பியிருந்தான். திரும்பினானா, இல்லை என்னைப் பார்த்தபடியே இருந்தானா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். திரும்பித்தான் இருந்தான். முதல் அடி காதுக்கு மேலே. அவன் எழ முயன்றான், நாற்காலி உருண்டு சுவரில் இடித்தது. இரண்டாவது அதே இடத்தில். ஒரே இடத்தில் அடிப்பது என் தொழில் பழக்கம். இறுகிய நட்டு அப்படித்தான் விடும். மாமா என்று ஒரு தடவை சொன்னான். பிறகு சொல்லவில்லை. மொத்தம் ஆறு அடி என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு ஐந்துதான் நினைவு. ஒன்றுக்காக நான் வாதாடப் போவதில்லை.

என் மனைவி என் முதுகில் தொங்கினாள். பிறகு விட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கறுப்பு டிஸ்க்கை வயரோடு பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவன் தரையில் கிடக்கிறான், அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாருங்கள், அப்போதுகூட ஸ்டுடியோதான்.

"அதைக் குடு," என்றேன்.

"மாட்டேன்."

பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். டிஸ்க்கை அணைத்திருந்தது வலது கை. முழங்கைக்குக் கீழே அடித்தேன். எலும்பு விட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவள் டிஸ்க்கை விடவில்லை. உடைந்த கையிலிருந்து நழுவியதை, கட்டுப்போட்ட கையால் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அப்படியே பின்னால் நகர்ந்து, கதவை முதுகால் தள்ளித் திறந்து, செருப்பில்லாமல் படிக்கட்டில் இறங்கி ஓடினாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் பிடித்திருப்பேன். என் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் துரத்தியிருப்பேன் அல்லவா? இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேறு வேலை இருந்தது. மச்சினன் கம்ப்யூட்டரைப் பாதியில் விட்டிருந்தான். பாதி வேலை என்பது எனக்கு ஒத்து வராத ஒன்று. அவனை நாற்காலிக்கு அடியிலிருந்து கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். கீபோர்டு நனைந்திருந்தது. துடைத்தேன். எலெக்ட்ரீசியன் கொடுத்த சிடியைப் போட்டு, மொத்தத்தையும் அழிக்கச் சொன்னேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆம் என்பதற்கான பட்டன் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு எழவில்லை. கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். பிறகு நன்றாக அழுந்தியது.

உங்கள் கான்ஸ்டபிள்கள் வந்தபோது அறுபத்துநான்கு சதவீதம் ஓடியிருந்தது. முடியட்டும், வருகிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். ஒருவர் பிளக்கைப் பிடுங்கினார். ஓடும்போது அப்படிப் பிடுங்கக் கூடாது. அவருக்குச் சொல்லி வையுங்கள்.

மீதியை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். என் மனைவிக்கு வலது கையில் கம்பி வைத்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், தம்பிக்கு என்ன ஆயிற்று என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு ஸ்டுடியோக்காரம்மாவைக் கூப்பிடச் சொன்னாளாம். அந்த அம்மா மடியில் வைக்கும் கம்ப்யூட்டரோடு ஆஸ்பத்திரிக்கே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இவள் வாயால் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பக்கமாக அடுக்கினாராம். "தம்பி எடுத்துக் குடுத்தது, வீணாகக் கூடாது" என்று அவள் சொன்னதாகச் சொன்னீர்கள். சனிக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆல்பம் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கை சரியாகும்வரை அந்த மேஜையில் வேறு யாரையும் உட்கார வைக்கப் போவதில்லை என்று ஸ்டுடியோக்காரம்மா எழுதியே கொடுத்துவிட்டாராம்.

நல்லது. எனக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

இவ்வளவோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இன்று காலை நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். எங்கள் பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டு விசாரித்தீர்களாம். அந்தப் பென்டிரைவை அட்டைப் பெட்டியில் போட்டது தான்தான் என்றாராம். போடுவதற்கு முன், வைரஸ் இருக்கிறது, யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று சிவப்பு ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தாராம். அந்தத் திங்கட்கிழமைக்கு முன் அந்தப் பென்டிரைவ் நாலு மாதமாக என் லாக்கரில் கிடந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். நாலு மாதம் சும்மா கிடந்ததை, மனைவிக்கு வேலை கிடைத்த அன்றைக்கே எதற்காக எடுத்து வந்தீர்கள் என்று கேட்டீர்கள். மதியம் அவள் விஷயத்தைச் சொன்ன பிறகு, நடந்தே தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் லாக்கரைத் திறந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள்.

கொன்றது நான்தான். விரல்களை நசுக்கியது நான்தான். கையை உடைத்தது நான்தான். இவற்றை நான் ஒருபோதும் மறுக்கவில்லை, கடைசிவரை மறுக்கவும் மாட்டேன்.

ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் நீங்கள் தேவையில்லாமல் அர்த்தம் கண்டுபிடிக்கிறீர்கள், மேடம். படித்தேன். சொருகுவதற்கு முன்னால் அதை நகத்தால் சுரண்டி எடுத்ததும் உண்மைதான். பார்க்க அசிங்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.